முதல் வரிசையில் எம் ஆசிரியர்கள்

ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். கரையை உயர்த்த வேண்டுமானால் கோடையில்தான் உயர்த்த வேண்டும். வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரியில் வளரும் எங்களுக்கு, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் இப்பாடத்தை மீண்டும் ஒருமுறை கற்பித்துச் சென்றது.

கொள்ளை நோயும் வெள்ளத்தைப் போன்றதே. கொரோனா என்னும் பெருவெள்ளம் வடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அதன் அவசர நிலையை முடித்து வைத்தது. முகக்கவசங்கள் பீரோவின் மூலையில் கிடக்கின்றன. "முடிந்த கதையை இப்பொழுது எதற்கு எழுதுகிறீர்கள்?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். இதுதான் கோடை, அதனால்தான் எழுதுகிறோம்.

அடுத்து ஒரு தொற்றுநோய் வந்து, அதற்கு ஒரு தடுப்பூசியும் வரும் நாளில், மருத்துவப் பணியாளருக்கும் முதியோருக்கும் அடுத்தபடியாகப் பள்ளி ஆசிரியருக்கும் பள்ளிப் பணியாளருக்கும் அது போடப்பட வேண்டும். அதை இப்பொழுதே விதியாக எழுதி வைக்க வேண்டும். அப்பொழுதுதான் பள்ளிகள் அச்சமின்றித் திறக்கும். இதுவே எங்கள் தாழ்மையான கருத்து.

நாங்கள் இழந்தது

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தோம். "பதினைந்து நாள் விடுமுறை" என்று துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினோம். மீண்டும் வகுப்பறையில் உட்கார்ந்தது 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். அப்பொழுது எட்டாம் வகுப்பில் இருந்தோம்! இடையில் ஏழாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததாகவே எங்களுக்கு நினைவில்லை. ஏறத்தாழ பத்தொன்பதரை மாதங்கள். மேல் வகுப்பு அக்காமார் 2021-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சில வாரங்கள் வந்து போனார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை.

கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கைப்பேசியிலும் பாடம் வந்தது. குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரவு ஏழு மணிக்கு அவர் திரும்பியதும் அண்ணனுக்கு முதல் உரிமை; தங்கைக்கு இரண்டாவது; நடுவில் பிறந்தவளுக்கு மின்னூக்கியில் சொருகிய கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை மட்டுமே.

எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் தாய்மார் பீடி சுற்றுகிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. பள்ளி இல்லாத அந்நாட்களில் எங்களில் சிலர் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சுளகை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். முதலில் உதவி, பிறகு பழக்கம், அதன் பிறகு வீட்டின் வருமானத்தில் ஒரு பங்கு. பள்ளி திறந்தபோது அந்தச் சுளகை விட்டு எழுந்து வருவது எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. வகுப்பில் எங்களோடு இருந்த ஒருத்தி வரவேயில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சில மாதங்கள் வெற்றிடம் இருந்தது; பின்னர் பெயரே எடுக்கப்பட்டது. இன்றும் அவளைக் கடைத்தெருவில் காண்கிறோம். கையில் இலைக்கட்டு இருக்கும். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சின்னஞ் சிறார் நிலை இன்னும் மோசம். நாட்டுப்புறப் பிள்ளைகளின் படிப்பை ஆராயும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர்; 2022-இல் ஐந்து பேர்கூட இல்லை. ஏற்கெனவே குறைவாக இருந்தது பாதியாகிவிட்டது. இந்தக் குறையைப் போக்கவே 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களை வாழ்த்துகிறோம். எனினும் உடைந்த பானையை ஒட்ட வைப்பதைவிட உடையாமல் காப்பது மேல் அன்றோ?

வரிசையில் விடுபட்டவர்கள்

நம் நாட்டில் தடுப்பூசி போடும் பணி 2021-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் தொடங்கியது. முதலில் மருத்துவர், செவிலியர் முதலானோர். அவர்களோடு அங்கன்வாடிப் பணியாளரும் சேர்க்கப்பட்டனர். பிப்ரவரியில் காவலர், தூய்மைப் பணியாளர் போன்ற முன்களப் பணியாளர். மார்ச்சில் அறுபது வயது கடந்தவரும், நாற்பத்தைந்து கடந்த நோயாளிகளும். ஏப்ரலில் நாற்பத்தைந்து கடந்த அனைவரும். மே முதல் பதினெட்டு வயது கடந்தவர்கள்.

இந்த வரிசையில் எதையும் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கன்வாடி அக்காவுக்கு முதலில் போட்டது மிகவும் சரி. ஆனால், அங்கன்வாடியிலிருந்து குழந்தை அடுத்த ஆண்டு வந்து சேரும் முதல் வகுப்பு ஆசிரியைக்கு இந்த வரிசையில் இடம் எங்கே? ஆசிரியர் என்ற பெயரில் ஓர் இடமும் இல்லை. வயது வந்தால் வரலாம். நோய் இருந்தால் வரலாம். ஆசிரியர் என்பதற்காக வர முடியாது.

ஆசிரியருக்கு ஓர் இடம் கிடைத்தது. அது தேர்தலால் கிடைத்தது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நம் மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. தேர்தல் பணி செய்வோர் அனைவரும் முன்களப் பணியாளராகக் கருதப்படுவர் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. வாக்குச் சாவடிகளில் பணி செய்பவர்களுள் பெரும்பகுதி ஆசிரியர்களே. ஆகவே அவர்களுக்கு ஊசி கிடைத்தது.

சற்றே எண்ணிப் பாருங்கள். அந்த மார்ச் மாதம் 22-ஆம் நாள் முதல், ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் தொற்றுப் பரவலுக்கு அஞ்சி மீண்டும் மூடப்பட்டன. இரு வாரம் கழித்து அதே வகுப்பறைகள் வாக்களிப்பதற்காகத் திறக்கப்பட்டன. வாக்குப் பெட்டியின் அருகில் ஒரு நாள் உட்கார ஆசிரியைக்குப் பாதுகாப்புத் தேவை என்று உணர்ந்த நாம், ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் நடுவே நிற்க அவருக்குப் பாதுகாப்புத் தேவை என்று உணரவில்லை. தேர்தல் வேண்டாம் என்பதன்று எங்கள் வாதம். தேர்தலுக்குச் செய்ய முடிந்ததைக் கல்விக்கும் செய்திருக்க முடியும் என்பதே.

உத்தரப் பிரதேசத்தில் அந்த ஏப்ரலில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அப்பணிக்குச் சென்று நோயுற்று இறந்த ஆசிரியர், பணியாளர் என 1,621 பேரின் பட்டியலை அங்குள்ள ஆசிரியர் சங்கம் வெளியிட்டது. அரசு முதலில் அதை ஏற்கவில்லை. பின்னர் இழப்பீட்டு விதிகளைத் தளர்த்தியது. இழப்பீடு ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். ஒரு வகுப்புக்கு ஆசிரியரைத் திருப்பித் தராது.

ஒரே அறை, இரு வரிசைகள்

எங்களுக்குத் தெரிந்த இரு ஆசிரியைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். இருவரும் ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்பவர்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரே பேருந்தில் வருபவர்கள். ஒருவர் அரசு ஊதியம் பெறுபவர். அவருக்குத் தேர்தல் பணி வந்தது; பயிற்சிக்குப் போன இடத்திலேயே ஊசியும் போடப்பட்டது. மற்றவர் நிர்வாகம் தரும் சிறு ஊதியத்தில் பணி செய்பவர். அவருக்குத் தேர்தல் பணி இல்லை. வயது நாற்பத்து மூன்று. எனவே எந்த வரிசையிலும் இடமில்லை. ஒரு மையத்துக்கு நேரில் போய்க் கேட்டார். "உங்கள் முறை வரும்போது வாருங்கள் டீச்சர்" என்று மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்தவர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் கையில் இருந்த பட்டியல் அப்படி.

அவர் முறை வருவதற்கு முன் நோய் வந்துவிட்டது. மே மாதத்தில் பதினாறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். இறைவன் அருளால் பிழைத்தார். நவம்பரில் நாங்கள் பள்ளிக்குத் திரும்பியபோது அவரும் வந்தார். மாடி வகுப்புக்கு ஏறி வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் "உட்காருங்கள்" என்பார். அதுவரை வகுப்பில் ஓர் ஓசையும் எழாது. யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது. அவரிடமிருந்து நாங்கள் ஒரு நாளும் குறை கேட்டதில்லை. அவருக்காக நாங்கள் கேட்கிறோம்: ஒரே அறையில் இருவர் ஒரே பணியைச் செய்யும்போது இரண்டு வரிசைகள் எதற்கு?

உலகம் என்ன செய்தது?

இந்தக் கோரிக்கை எங்கள் கற்பனையில் உதித்ததன்று. 2020-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே யுனெஸ்கோ நிறுவனமும், உலக ஆசிரியர் அமைப்பான எஜுகேஷன் இன்டர்நேஷனலும் ஆசிரியர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை தருமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டன. மருத்துவப் பணியாளரையும் பெரும் ஆபத்தில் உள்ளவர்களையும் அடுத்து ஆசிரியருக்குத் தர வேண்டும் என்று யுனிசெஃப் வேண்டியது. தென் அமெரிக்காவில் சிலி நாடு 2021 பிப்ரவரியிலேயே ஆசிரியர்களுக்கு ஊசி போடத் தொடங்கியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜோ பைடன் அந்த மார்ச் மாதம் எல்லா மாநிலங்களும் ஆசிரியர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றார்.

நம் நாட்டிலும் அது நடந்தது. ஆனால் தாமதமாக நடந்தது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்குள் எல்லா ஆசிரியர்களுக்கும் போட்டு முடிக்கும்படி மாநிலங்களுக்கு இரண்டு கோடிக்கும் மேலான ஊசிகளைக் கூடுதலாக மத்திய அரசு அறிவித்தது. நம் மாநிலத்தில் செப்டம்பர் முதல் நாள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் திறந்தன. ஆசிரியரும் பணியாளரும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. நல்ல முடிவு. இதே முடிவு அந்தப் பிப்ரவரியில் வந்திருந்தால்? அப்பொழுது கோவிஷீல்டு முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம். மே மாதத்தில் அது பன்னிரண்டு முதல் பதினாறு வாரமாக நீட்டப்பட்டது. ஆகஸ்டில் முதல் ஊசி போட்டவருக்கு இரண்டாவது ஊசி நவம்பரில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

"ஆசிரியருக்கெல்லாம் முன்னுரிமை கொடுத்தால் மற்றவருக்கு எங்கே மிஞ்சும்?" என்பார்கள். எங்கள் கணக்கு நோட்டில் இதைப் போட்டுப் பார்த்தோம். அரசின் கணக்குப்படி 2020-21-இல் இந்தியாவில் சுமார் 97 லட்சம் பள்ளி ஆசிரியர்கள். 26 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஓர் ஆசிரியருக்கு இரண்டு ஊசி என்றால் இரண்டு கோடிக்கும் குறைவு. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஒரே நாளில் மட்டும் நம் நாட்டில் இரண்டரைக் கோடி ஊசிகள் போடப்பட்டன. அதாவது நாட்டின் ஆசிரியர் அனைவருக்குமான இரண்டு ஊசிகளும் சேர்ந்து, அந்த ஒரு நாள் கணக்குக்குள் அடங்கிவிடும்! ஆசிரியர் ஒருவருக்குப் பிள்ளைகள் ஏறத்தாழ இருபத்தேழு பேர். ஊசி ஒருவர் கையில். பயனோ இருபத்தேழு வீடுகளில்.

பிள்ளைகளான எங்களுக்கு அப்பொழுது ஊசியே கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பதினைந்து வயது கடந்தவர்களுக்கு 2022 ஜனவரியிலும், பன்னிரண்டு கடந்தவர்களுக்கு மார்ச்சிலுமே அது வந்தது. அதுவரை, எங்களைச் சுற்றி நின்ற பெரியவர்களைக் காப்பதே பள்ளியைக் காக்கும் வழியாக இருந்தது.

மறுப்புகளுக்கு மறுமொழி

முதலாவது: "இந்த நோய் முதியோரைத்தான் மிகுதியாகக் கொன்றது. நல்ல உடல்நலமுள்ள இளம் ஆசிரியைக்குக் கொடுக்க எழுபது வயதுப் பாட்டியைக் காக்க வைப்பது தர்மமா?" தர்மமன்று. பாட்டியின் ஊசியை நாங்கள் கேட்கவில்லை. பாட்டிக்குப் பிறகு, பொது வரிசை தொடங்குமுன் என்றுதான் கேட்கிறோம்.

இரண்டாவது: "டென்மார்க் நாடு தடுப்பூசியே இல்லாத 2020 ஏப்ரலில் சிறுவர் பள்ளிகளைத் திறந்துவிட்டதே!" உண்மை. ஆகையால் ஊசியைப் பள்ளிக் கதவின் பூட்டாக ஆக்கிவிடக் கூடாது. ஊசி வரவில்லை என்று பள்ளியை மூடியே வைக்கவும் கூடாது. ஊசி போட்டவரையும் நோய் தொற்றுவதுண்டு. ஆனால் உயிருக்கு ஆபத்தாகும் நிலையிலிருந்து அது பெரும்பாலும் காக்கிறது. நாற்பது, ஐம்பது பேர் நெருங்கி அமரும் வகுப்பறைக்கு, கூட்ட நெரிசலில் பேருந்தில் வந்து சேரும் நம் ஆசிரியைக்கு அந்தத் துணிவு வேண்டும். சன்னல்களைத் திறந்து வைப்பதும் முகக்கவசமும் கை கழுவுதலும் அதனோடு சேர வேண்டும்.

மூன்றாவது: "ஆசிரியருக்கு என்றால் நடத்துநருக்கு? கடைக்காரருக்கு?" அவர்களும் மதிப்புக்குரியவர்களே, நடத்துநருக்குத் தந்தால் மகிழ்வோம். ஆனால் மூடிய கடை திறந்தால் வியாபாரம் மெல்ல மீளும். பத்து வயதில் படிக்க வேண்டியதைப் பத்து வயதில் படிக்காத பிள்ளைக்கு அந்த வயது மீளாது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று நம் அரசியலமைப்பே கூறுகிறது. அந்த உரிமையைக் கையில் ஏந்தி வருபவர் ஆசிரியர் அல்லவா?

இன்னொரு பயனும் உண்டு. அந்நாளில் அம்மை குத்த வருபவரைக் கண்டால் வைக்கோல் படப்புக்குள் ஒளிந்துகொள்வோம் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். ஊர்ப் பள்ளியின் பெரிய வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டு முதலில் நீட்டியபின்தான் மற்றவர்கள் வெளியே வந்தார்களாம். அப்படி ஒவ்வொரு கையாக நீட்டித்தான் பெரியம்மை ஒழிந்தது. இந்தியா 1975-க்குப் பிறகு அந்நோயைக் காணவில்லை. இளம்பிள்ளை வாதமும் அவ்வாறே. 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் அந்நோய்க் கிருமி ஒரு குழந்தையையும் தொடவில்லை. ஆசிரியர் முதலில் போட்டுக்கொண்டால் ஊர் அஞ்சாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தாமே முதலில் ஊசி போட்டுக்கொண்டு, அது பிறர்மீது காட்டும் அன்பின் செயல் என்று உலகுக்கு எடுத்துரைத்ததை எம் அருட்சகோதரியர் எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள்.

எங்கள் வேண்டுகோள்

ஆகவே நாங்கள் வேண்டுவன இவை.

ஆசிரியரும் பள்ளிப் பணியாளரும் முன்களப் பணியாளர் என்று தொற்றுநோய்க் காலத்துக்கான அரசுத் திட்டங்களில் இப்பொழுதே எழுதப்பட வேண்டும். தேர்தல் வந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை கூடாது.

அதில் அரசு, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேற்றுமை வேண்டாம். ஆசிரியரோடு அலுவலகப் பணியாளர், ஆயாம்மா, சத்துணவு சமைப்பவர், விடுதிக் காப்பாளர், வேன் ஓட்டுநர் ஆகிய அனைவரும் அடங்க வேண்டும். பள்ளி வாயிலுக்குள் வரும் பெரியவர் எல்லோருக்கும் ஒரே வரிசை.

முகாம் பள்ளியிலேயே நடக்கட்டும். பிறருக்காக எத்தனையோ சொட்டு மருந்து முகாம்களை நடத்திய வளாகங்கள் இவை. பெயர்ப் பட்டியலும் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயத்தமாக உள்ளது.

முன்னுரிமை பெற்ற பின், எல்லாம் மூடும்போது பள்ளி கடைசியாக மூடட்டும். எல்லாம் திறக்கும்போது பள்ளி முதலில் திறக்கட்டும். உரிமையோடு கடமையும் வரும் என்று எங்களுக்குக் கற்பித்தவர்கள் எம் ஆசிரியர்களே. அவர்கள் பின்வாங்க மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். அரசு எழுத வேண்டியதை அரசு எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறை பள்ளி மூடினாலும், வீட்டில் ஒரு சுளகு கூடக் கூடாது என்று மனத்தில் எழுதி வையுங்கள்.

நாங்கள் இவ்வாண்டு பள்ளியை விட்டுச் செல்கிறோம். எங்கள் ஏழாம் வகுப்பு எங்களுக்குத் திரும்ப வராது. இப்பொழுது ஆறாம் வகுப்பில் துள்ளித் திரியும் தங்கையருக்காவது அது முழுமையாகக் கிடைக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்து, மேசையைப் பிடித்து நிற்காமல், வாசலிலேயே "உட்காருங்கள்" என்று சொல்லும் ஆசிரியையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். இறைவன் அருள்வாராக.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்